134% பிரிகையா? நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கணக்கு உதைக்கிறதே

கேள்வி

25 டிகிரி செல்சியஸில் அசிட்டிக் அமிலத்தின் பிரிகை மாறிலி 1.8×10⁻⁵. பிரிகை வீதம் (அமில மூலக்கூறுகளில் அயனிகளாகப் பிரியும் பங்கு) = √(மாறிலி ÷ செறிவு) என்று போட்டால் 0.10 மோலார் கரைசலுக்கு 1.34% வருகிறது, சரி. அதையே 1.0×10⁻⁵ மோலாருக்குப் போட்டால் 134%! நூற்றுக்கு மேல் எப்படிப் பிரியும்? நீர் தரும் ஹைட்ரஜன் அயனியைக் கணக்கில் சேர்க்காததுதான் காரணமா?

பதில் 1

நீர் காரணமில்லை. நீங்கள் எடுத்திருப்பது தோராயச் சூத்திரம். ஆஸ்வால்டு 1888-இல் தந்த நீர்த்தல் விதியின் முழு வடிவம் இது (ப = பிரிகை வீதம், செ = தொடக்கச் செறிவு, கே = மாறிலி):

கே = ப² × செ ÷ (1 − ப)

ப மிகச் சிறியது என்று கொண்டு, கீழே உள்ள (1 − ப)-ஐ 1 ஆக்கிவிட்டால்தான் உங்கள் வர்க்கமூலச் சூத்திரம் கிடைக்கும். உங்கள் கரைசலில் செறிவு மாறிலியை விடவே குறைவு. பாதிக்கு மேல் பிரியப்போகிற இடத்தில் அந்தச் சுருக்கம் செல்லாது. இருபடிச் சமன்பாடாகவே தீர்க்க வேண்டும்:

ப = [−கே + √(கே² + 4 × கே × செ)] ÷ (2 × செ)

கே² = 3.24×10⁻¹⁰. 4 × கே × செ = 7.2×10⁻¹⁰. கூட்டினால் 1.044×10⁻⁹, அதன் வர்க்கமூலம் 3.231×10⁻⁵. அதில் 1.8×10⁻⁵ போக மீதி 1.431×10⁻⁵. 2×10⁻⁵ ஆல் வகுத்தால் 0.716. ஆக 71.6% பிரிகை, பிஹெச் 5.15.

நீரின் பங்கையும் பார்த்துவிடலாம். ஹைட்ரஜன் அயனி 7.16×10⁻⁶ இருக்கும்போது ஹைட்ராக்சைடு 1.4×10⁻⁹ மட்டுமே (நீரில் இவ்விரண்டின் பெருக்கற்பலன் 1.0×10⁻¹⁴). நீர் பிரிந்து தந்த ஹைட்ரஜன் அயனியும் அவ்வளவுதான். ஐயாயிரத்தில் ஒரு பங்கு.

பதில் 2

எப்போது சுருக்கலாம் என்பதற்குக் கைக்கணக்கு: செ ÷ கே 400-க்கு மேல் இருந்தால் பிரிகை 5%-க்குள் அடங்கும். அசிட்டிக் அமிலத்துக்கு அந்த எல்லை 0.0072 மோலார். தோராயத்தில் வரும் பிழை ஏறக்குறைய பிரிகை வீதத்தில் பாதி. 0.0010 மோலாரில் தோராயம் 13.4%, சரியான விடை 12.5%, பிழை 7% பக்கம்.

இருபடி வேண்டாமென்றால், கிடைத்த விடையைத் திரும்பத் திரும்ப உள்ளே போடலாம்: புதிய ப = √(கே × (1 − பழைய ப) ÷ செ). 0.0010 மோலாருக்கு 0.1342, 0.1248, 0.1255 என்று மூன்றாவது விடையிலேயே நிலைத்துவிடும். உங்கள் 10⁻⁵ மோலாரில் இந்த வழி எடுபடாது: முதல் விடையே 1-ஐத் தாண்டுவதால், அடுத்த படியில் வர்க்கமூலத்துக்குள் எதிர்க்குறி வந்துவிடும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. அப்படியானால் நீரின் பங்கை எப்போதுதான் சேர்க்க வேண்டும்?

பதில் 3

கே × செ பெருக்கற்பலன் 10⁻¹⁴-ஐ நெருங்கும்போது. ஹைட்ரோசயனிக் அமிலத்தை எடுங்கள்: கே = 6.2×10⁻¹⁰, செ = 1.0×10⁻⁴. சாதாரணக் கணக்கில் 0.25% பிரிகை, பிஹெச் 6.60. 5% சோதனையில் தாராளமாகத் தேறிவிடும், ஆனாலும் விடை தவறு! கே × செ = 6.2×10⁻¹⁴, இதோடு நீரின் 1.0×10⁻¹⁴-ஐக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ஹைட்ரஜன் அயனி 2.68×10⁻⁷, பிஹெச் 6.57, பிரிகை 0.23%.

நான் எப்போதும் பரிந்துரைப்பது இந்த வடிவத்தைத்தான்:

ப = கே ÷ (கே + ஹைட்ரஜன் அயனிச் செறிவு)

அயனி எங்கிருந்து வந்தாலும் இது பொருந்தும். 0.10 மோலார் அசிட்டிக் அமிலத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் 0.10 மோலார் இருந்தால், ஹைட்ரஜன் அயனி சுமார் 0.10; பிரிகை 1.33%-இலிருந்து 0.018%-க்கு இறங்கிவிடும். பொது அயனி விளைவு என்பது இதுதான்.

'எவ்வளவு நீர்த்தாலும் கடைசியில் 100% பிரியும்' என்று பல குறிப்பேடுகளில் எழுதியிருப்பதும் இதே சமன்பாட்டில் அடிபட்டுப்போகும். தூய நீரில் எவ்வளவு நீர்த்தாலும் ஹைட்ரஜன் அயனி 10⁻⁷-க்குக் கீழே இறங்காது. எனவே அசிட்டிக் அமிலத்தின் உச்சம் 99.4%, ஹைட்ரோசயனிக் அமிலத்துக்கு வெறும் 0.62%.