தவக்காலத்தில் ஆண்டவர் படியளந்த அனுபவம் உங்களுக்கு உண்டா?

பனச்சமூடு பக்கத்திலிருந்து:

எனக்கு ரப்பர் பால்வெட்டு வேலை. எங்கள் பக்கத்தில், ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களான தவக்காலம் வரும் நேரத்தில்தான் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும். வெட்டு நிற்கும், கூலியும் நிற்கும். நோன்பை நான் தேடிப் போக வேண்டாம், அதுவே வீடு தேடி வந்துவிடும்.

2024-இல் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் பிப்ரவரி 14, காதலர் தினம். கடையில் ரோஜா விற்ற அன்று நான் நெற்றியில் சாம்பலோடு நின்றேன். மீன் வேண்டாம், டீ வேண்டாம் என்று தீர்மானம். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது, மறைப்பானேன்.

இரண்டாம் வாரம் ஒட்டுப்பால் (மரத்திலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டின ரப்பர்) விற்ற காசும் தீர்ந்தது. அரிசி இல்லை. யாரிடமாவது கேட்கட்டுமா என்றாள் மனைவி. வேண்டாம் என்றேன். அன்று சாயங்காலம் பக்கத்துத் தோட்டத்து அக்கா அரைச்சாக்கு மரச்சீனியோடு (மரவள்ளிக் கிழங்கு) வாசலில் நிற்கிறார். வேலித் தகராறில் இரண்டு வருஷமாக நான் பேசாத அக்கா. "பிடுங்கிட்டோம், வெச்சா கெட்டுப்போகும், எடுத்துக்கோங்க."

மரச்சீனி அப்படித்தான், பிடுங்கினால் இரண்டு மூன்று நாள்கூடத் தாங்காது. பைபிளில் பாலைவனத்து ஜனங்களுக்கு ஆண்டவர் கொடுத்த மன்னா என்ற உணவு, மறுநாளைக்கு வைத்தால் புழுத்ததே, அந்த ஞாபகம் வந்தது. டீயை விட்டது பெரிய காரியமில்லை. அந்தச் சாக்கை வாங்கக் கை நீட்டினேன் பாருங்கள், அதுதான் எனக்கு அந்த வருஷத்து ஒறுத்தல், என்னை நானே அடக்கிய தவம்.

வண்டிப்பெரியாறிலிருந்து:

அண்ணே, தவக்காலத்தை எங்கள் சபையில் லெந்து நாட்கள் என்போம். சின்ன வயதில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடு) இருந்தோம். உலை வைக்கும்போதெல்லாம் அம்மா ஒரு பிடி அரிசியை ஆலயத்துக்கென்று தகர டப்பாவில் போடுவார். அப்பா படுத்துவிட்ட வருஷம், லெந்து நடுவில், வீட்டில் மிச்சம் அந்த டப்பா மட்டும்தான். அம்மா தொடவே இல்லை. பால் சேர்க்காத வெறும் கட்டன் சாயாவோடு இரண்டு வேளை ஓட்டினோம். வீட்டுக்கு வந்த போதகரம்மாதான் பார்த்துவிட்டு டப்பாவை எடுத்து, "இது உங்களுக்கும் சேர்த்துத்தான்" என்று அவரே உலையில் கொட்டினார். அம்மா அழுதுகொண்டே கிண்டினார். அந்தக் கஞ்சியில் உப்பு அதிகம் என்று தம்பி இன்றும் சொல்வான்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

கோபிக்க வேண்டாம். எனக்கு யாரும் சாக்கு கொண்டு வரவில்லை. கறவை மாடு செத்தது, அதை வாங்கின கடன் மட்டும் சாகவில்லை. சாம்பல் புதன் முதல் உயிர்ப்பு ஞாயிறுக்கு (ஈஸ்டர்) முந்தின நாள் வரை 46 நாள். ஆறு ஞாயிறைக் கழித்தால்தான் 40. நான் ஞாயிறும் விடாமல் 46 நாளும் ஒருவேளைச் சாப்பாடு. கூடுதலாக நோன்பு இருந்தால் கூடுதலாகக் கிடைக்கும் என்று ஒரு கணக்கு. பாவசங்கீர்த்தனத்தில், அதாவது ஃபாதரிடம் பாவத்தை அறிக்கையிடும்போது, இதைச் சொன்னதும் ஃபாதர் கேட்டார்: "ஆண்டவருக்கு ஓவர்டைம் பில் போடுறியா?"

அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. கூலி என்றால் கணக்கு உண்டு, அருளுக்கு ஏது கணக்கு என்று பிறகு கொஞ்சம் புரிந்தது. முழுக்கப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். கடன் இன்னும் பாதி நிற்கிறது. நோன்பு இருக்கிறேன், எண்ணுவதை மட்டும் நிறுத்திவிட்டேன்.

மறுபடி பனச்சமூட்டிலிருந்து:

தம்பி, உனக்கு வரவில்லை என்பதை நான் மறுத்துப் பேச மாட்டேன். எனக்கும் எல்லா வருஷமும் சாக்கு வந்ததில்லை.

எங்கள் பக்கத்து வெள்ளறடையில் இருக்கும் சிலுவை மலையான குருசுமலைக்கு 1957 முதல் தவக்காலத்தில் மலையேறுகிறார்கள். இந்த முறை நீயும் ரயிலேறி வந்துவிடு, சேர்ந்து ஏறலாம். கஞ்சி நான் கொண்டு வருகிறேன். மரச்சீனிக்கு அந்த அக்காவிடம் நானே போய்க் கேட்கிறேன்.