வாயில் நுழையாத பெயர் இருந்தால் வாங்கக் கூடாதா? (விவாதம்)

கார்முகில்:
உணவுப் பொட்டலம் எதுவானாலும் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பேன். உட்பொருள் பட்டியலில் வாசிக்கவே முடியாத பெயர் ஒன்று இருந்தாலும் வைத்துவிடுவேன். அஸ்கார்பிக் ஆசிட், டோகோஃபெரால், சாந்தன் கம், லெசித்தின் என்று எழுதியிருப்பதையெல்லாம் ஏன் வயிற்றுக்குள் அனுப்ப வேண்டும்? ‘இயற்கையானது’ என்று போட்டிருப்பதை மட்டும் வாங்கினால் போதும் என்பது என் கருத்து. எளிய விதி, யார் வேண்டுமானாலும் பின்பற்றலாம். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

துளசிநாதன்:
காரணத்தோடுதான் மறுக்கிறேன் நண்பரே. நீங்கள் சொன்ன நான்கில் இரண்டு வைட்டமின்கள். அஸ்கார்பிக் ஆசிட் வைட்டமின் சி, டோகோஃபெரால் வைட்டமின் ஈ. எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் இருக்க டோகோஃபெரால் சேர்க்கிறார்கள். லெசித்தின் முட்டை மஞ்சள் கருவிலேயே இருக்கிறது. மயோனைஸில் எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் நிற்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. உங்கள் விதிப்படி இவை மூன்றும் வெளியே. ஆனால் ‘இயற்கைச் சுவையூட்டி’ என்ற சொல் வாசிக்க எளிதாக இருப்பதால் உள்ளே வந்துவிடும். அந்த ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனை பொருள் கலந்திருக்கிறது என்று பொட்டலம் சொல்லாது. பெயரின் நீளத்தை வைத்துப் பொருளை எடை போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கார்முகில்:
பெயரை விடுங்கள், மூலத்துக்கு வருவோம். பொட்டலத்தில் இருக்கும் சிட்ரிக் ஆசிட் எலுமிச்சையிலிருந்து வருவதாகத்தான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அது பூஞ்சையை வைத்துத் தொழிற்சாலையில் எடுப்பது. இதைத் தெரிந்துகொள்ள வாங்குபவருக்கு உரிமை இல்லையா?

துளசிநாதன்:
உரிமை உண்டு, மறைக்க வேண்டியதும் எதுவுமில்லை. ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சைக்குச் சர்க்கரைக் கரைசல் கொடுத்தால் அது சிட்ரிக் அமிலத்தைச் சுரக்கும். 1917-இல் ஜேம்ஸ் கர்ரி இந்த வழியை வெளியிட்டார். 1919-இல் ஃபைசர் நிறுவனம் பெரிய அளவில் தயாரிக்கத் தொடங்கியது. அதைப் பிரித்துச் சுத்திகரித்த பிறகு கிடைக்கும் மூலக்கூறுக்கும் எலுமிச்சையில் இருப்பதற்கும் வேறுபாடு கிடையாது. நுண்ணுயிரியைக் கொண்டு புளிப்பை வரவழைப்பதுதான் குறை என்றால், வினிகரையும் தயிரையும் என்ன செய்வீர்கள்?

அடுப்படி மலர்:
துளசி சார், நான் சமைக்கிறவள், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். ‘மூலக்கூறு ஒன்றுதான்’ என்பது நாக்குக்கு எப்போதும் பொருந்தாது. வனிலாக் காயைச் சாராயத்தில் ஊறவைத்து எடுப்பது எக்ஸ்ட்ராக்ட். அமெரிக்காவில் அந்தப் பெயரைப் போட வேண்டுமானால் குறைந்தது 35 சதவீதம் ஆல்கஹால் இருக்க வேண்டும், எவ்வளவு காய் சேர வேண்டும் என்பதற்கும் அளவு இருக்கிறது. அதில் வனிலாவின் முக்கிய மணப்பொருளான வனிலினோடு நூற்றுக்கணக்கான வாசனைப் பொருள்கள் இருக்கும். செயற்கை எசென்ஸில் பெரும்பாலும் வனிலின் ஒன்றுதான். குளிர வைத்துச் சாப்பிடும் கஸ்டர்டில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நன்றாகத் தெரியும். பிஸ்கட்டில் அடுப்புச் சூட்டில் அந்த நுட்பமான மணங்கள் பறந்துவிடும், எசென்ஸே போதும்.

இன்னொன்றும் இருக்கிறது. தவிட்டில் இருக்கும் ஃபெரூலிக் அமிலத்தை நுண்ணுயிரிக்குக் கொடுத்தும் வனிலின் எடுக்கிறார்கள். அதற்கு ‘இயற்கை’ என்று பெயர் போடச் சட்டம் இடம் தருகிறது. வனிலாக் கொடிக்கும் அந்தக் குப்பிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ‘இயற்கை வனிலாச் சுவையூட்டி’ என்று பொருளின் பெயரைச் சொல்லி எழுதினால், சுவை தரும் பகுதியில் குறைந்தது 95 சதவீதம் வனிலாவிலிருந்தே வந்திருக்க வேண்டும். வெறும் ‘இயற்கைச் சுவையூட்டி’ என்றால் அந்தக் கட்டாயம் இல்லை. கார்முகில் தம்பி, இந்த வேறுபாட்டைக் கட்டாயம் பாருங்கள்.

கார்முகில்:
அக்கா, நீங்கள் சொல்வது என் சந்தேகத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. சொல்லை இப்படியும் அப்படியும் வளைக்கிறார்கள் என்றால் பட்டியல் குறுகிய பொருளை வாங்குவதுதானே பாதுகாப்பு?

துளசிநாதன்:
வளைப்பது பெரும்பாலும் உங்களுக்குப் பிடித்த அந்தச் சொல்லைத்தான். பதப்படுத்திய இறைச்சி கெடாமல் இருக்கச் சேர்க்கும் உப்பு நைட்ரைட். பொட்டலத்தில் ‘நைட்ரைட் சேர்க்கவில்லை’ என்று போட்டு, பட்டியலில் செலரிப் பொடி (செலரி ஒரு கீரை வகை) என்று எழுதியிருப்பார்கள். செலரியில் நைட்ரேட் ஏராளம். அதை பாக்டீரியாவைக் கொண்டு நைட்ரைட்டாக மாற்றித்தான் சேர்க்கிறார்கள். உடலுக்குள் அது வேறு விதமாக நடந்துகொள்ளாது. பட்டியலும் குறுகியது, பெயரும் வாயில் நுழைகிறது. உங்கள் விதி இதைத் தடுக்குமா?

இயற்கை என்றால் தீங்கில்லை என்ற நம்பிக்கைதான் எனக்குப் பெரிய கவலை. சிவப்பு ராஜ்மாவை ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நன்கு கொதிக்கவிட்டு வேகவைக்காவிட்டால் அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் கடும் வாந்தி பேதியைக் கொடுக்கும். மிதமான சூட்டில் மெதுவாக வேகவைத்தால் நஞ்சு போகாது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது, நரம்புகளைத் தாக்கும் பொட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம். இரண்டிலும் சேர்க்கைப் பொருள் ஒன்றுகூடக் கிடையாது.

இளவேனில்:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். துளசிநாதன் ஒவ்வொரு பொருளாக எடுத்து ‘இது தீங்கில்லை’ என்று காட்டுகிறார். கேள்வி அதுவல்ல. இந்தப் பொருள்கள் எல்லாம் ஒன்றுகூடி நிற்கும் உணவு எப்படிப்பட்டது என்பதுதான். பிரேசிலின் சாவ் பாவ்லோ பல்கலைக்கழகத்தில் கார்லோஸ் மொன்டெய்ரோ குழுவினர் 2009-லிருந்து முன்வைக்கும், உணவுகளைப் பதப்படுத்திய அளவை வைத்துப் பிரிக்கும் நோவா வகைப்பாடு அதைத்தான் பேசுகிறது. வீட்டு அடுப்படியில் பொதுவாக இல்லாத பொருள்கள் பட்டியலில் இருந்தால் அது மிகைப் பதப்படுத்திய உணவின் அறிகுறி.

2019-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 20 பேரை மருத்துவமனையிலேயே தங்கவைத்துச் சோதித்தது. இரண்டு வாரம் மிகைப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் அப்படி இல்லாத உணவு. முன்னதில் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், எடையும் கூடியது. கார்முகில் சொல்லும் காரணம் பிழையாக இருக்கலாம், ஆனால் அவர் கை பொட்டலத்தைத் திரும்ப வைப்பது சரியான இடத்தில்தான்.

துளசிநாதன்:
அந்த ஆய்வை நான் மதிக்கிறேன். ஆனால் அதில் பரிமாறிய உணவுகளில் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் ஏறக்குறைய சமமாக வைக்கப்பட்டிருந்தன. அப்படியும் கூடுதலாகச் சாப்பிட்டதற்கு, மென்மையாக இருப்பதால் வேகமாகச் சாப்பிட்டதும் சிறு அளவில் நிறையக் கலோரி அடங்கியிருந்ததும் காரணமாக இருக்கலாம். லெசித்தின்தான் செய்தது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. அறிகுறியையும் காரணத்தையும் ஒன்றாக்க வேண்டாம் என்றுதான் கேட்கிறேன்.

அடுப்படி மலர்:
இரண்டு பேரும் விட்டுவிட்ட ஒன்று: பட்டியலின் வரிசை. எடையில் அதிகமானது முதலில் வரும். சர்க்கரையை டெக்ஸ்ட்ரோஸ், குளுக்கோஸ் சிரப், பழச்சாறு அடர்கரைசல் என்று பிரித்து எழுதும்போது ஒவ்வொன்றும் கீழே இறங்கிவிடும். கூட்டிப் பார்த்தால் முதலிடமே அதற்குக் கிடைக்கலாம். இந்தப் பெயர்கள் எல்லாமே வாயில் நுழையக்கூடியவைதான்.

அப்புறம், மூலம் உண்மையிலேயே முக்கியமாகும் இடமும் இருக்கிறது. கார்மைன் (பட்டியலில் E 120 என்றும் வரும்) என்ற சிவப்பு நிறம் பூச்சியிலிருந்து வருவது. ஜெலட்டின் விலங்கின் எலும்பு, தோலிலிருந்து வருவது. அதே வேலையைக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகர் செய்யும். சைவம் சாப்பிடுகிறவர்களும் ஒவ்வாமை உள்ளவர்களும் இவற்றைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். இதில் கார்மைனின் மூலம் இயற்கைதான்.

கார்முகில்:
சரி, டோகோஃபெராலைப் பார்த்து இனி ஒதுக்க மாட்டேன். பட்டியல் நீண்டால் ஒதுக்குவதை விடுவதாக இல்லை, அதில் இளவேனில் பக்கம்தான் நிற்கிறேன். சாந்தன் கம் பற்றி மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. அது ஏன் தேவை?

அடுப்படி மலர்:
அதுவும் பாக்டீரியாவைக் கொண்டு நொதிக்க வைத்து எடுப்பது. கோதுமை சேராதவர்களுக்கு அரிசி மாவில் ரொட்டி சுட வேண்டியிருக்கும். அந்த மாவில் கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் இல்லாததால் இழுவை கிடையாது, காற்றைப் பிடித்து வைக்காது. ஒரு கப் மாவுக்கு அரைத் தேக்கரண்டி சாந்தன் கம் போட்டால் பிசின் போலப் பிடித்துக்கொள்ளும், துண்டு போடும்போது உதிராது. கொஞ்சம் கூடினாலும் கொழகொழவென்று ஆகிவிடும், அளந்து போடுங்கள். அது பிடிக்காவிட்டால் இசப்கோல் உமியைத் தண்ணீரில் ஊறவைத்துச் சேர்த்துப் பாருங்கள்.