விண்கல்லின் வயது பூமியின் வயது ஆவது எப்படி? விளக்க உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. அடுத்த வாரம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பூமியின் வயதைப் பற்றிப் பேசப் போகிறேன். ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

அரைவாழ்வு (கதிரியக்கப் பொருளில் பாதி சிதைய ஆகும் காலம்) வரை பிரச்சினை இல்லை. நூறு பகடைகளை உருட்டி, ஆறு விழுந்தவற்றை எடுத்துக்கொண்டே போனால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடுகிறது. யுரேனியம்-238 பாதியாகக் குறைய சுமார் 447 கோடி ஆண்டுகள், கடைசியில் அது ஈயம்-206 ஆகும். யுரேனியம்-235 சுமார் 70 கோடி ஆண்டுகளில் பாதியாகும், முடிவில் ஈயம்-207. சரி, இதுவரை போதும்.

அப்புறம்தான் சிக்கல். வயதைச் சொல்வது சிதைவால் உருவான ஈயம் மட்டும்தான்; கல்லில் முதலிலேயே இருந்த ஈயத்தை எப்படிக் கழிப்பது? புவிவேதியியலாளர் கிளேர் பேட்டர்சன் அமெரிக்காவின் அரிசோனாவில் விழுந்த கேன்யன் டியாப்லோ விண்கல்லின் ட்ராய்லைட் கனிமத்தை எடுத்தார். அதில் யுரேனியம் ஏறக்குறைய இல்லை, அதனால் அதிலுள்ள ஈயம் தொடக்கத்தில் இருந்தபடியே இருக்கிறது. மற்ற விண்கற்களையும் சேர்த்து, சிதைவால் உருவாகாத ஈயம்-204-ஐ அளவுகோலாக வைத்து, ஈயம்-206 ஓர் அச்சிலும் ஈயம்-207 மறு அச்சிலுமாக வரைபடம் போட்டால் புள்ளிகள் ஒரே கோட்டில் விழுகின்றன. 1956-இல் அவர் வெளியிட்ட விடை 455 கோடி ஆண்டுகள், 7 கோடி கூடலாம் குறையலாம். எவ்வளவு அழகான யோசனை!

கடல் வண்டலின் ஈயமும் அதே கோட்டருகே வந்ததுதான் பூமிக்கும் அதே வயது என்பதற்கான சான்று. அந்தக் கோட்டின் சாய்வு ஏன் வயதைச் சொல்கிறது என்பதைச் சமன்பாடு இல்லாமல், கையால் செய்து காட்டும்படி விளக்க வழி உண்டா? வகுப்பில் செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.