பழைய டபுள் கேப்பில் ஈசியூ மாற்றம்: வன்னிப் பக்கம் கண்ட கோளாறுகள்

கிளிநொச்சி, டீசல் வேலை

டொயோட்டா கேயுஎன்25, கேயுஎன்26 ஹைலக்ஸ், கொமன் ரெயில் 4டி56 இன்ஜின் பூட்டிய மிற்சுபிஷி எல்200, நிசான் டி40 நவாரா எல்லாம் 2005 அளவில் வந்த தலைமுறை. கிறவல் தூசியும் மாரி மழையும் இருபது வருடமாகத் தின்ற வயரிங் அவற்றில் கிடக்கிறது. அதனால் "ஈசியூ அடிச்சுப் போச்சு" என்று கட்டியிழுத்து வருகிற வாகனங்களில் அனேகமானவற்றில் ஈசியூ, அதாவது இன்ஜினை ஓட்டும் கம்பியூட்டர் பெட்டி, நன்றாகவே இருக்கும். பழுது அதற்குப் போகிற கரண்டில் இருக்கும். பழைய 3எல் இன்ஜின் வைத்திருப்பவர்கள் இதை வாசிக்கத் தேவையில்லை, அதன் டீசல் பம்ப் முழுக்க மெக்கானிக்கல்.

பற்றரி ஓய்வில் 12.6 வோல்ற் அளவில் நிற்க வேண்டும். ஸ்ராட் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழக்கூடாது. திறப்பை ஓனில் வைத்ததும் செக் இன்ஜின் லைற் எரிய வேண்டும். அதுவும் எரியாமல், கோளாறு படிக்கும் ஸ்கானரும் ஈசியூவோடு பேசாவிட்டால் உடனே பெட்டியைக் கைகாட்டாதேங்கோ. மெயின் ரிலே, பியூஸ், ஈசியூவின் எர்த், இந்த மூன்றையும் முதலில் பாருங்கோ.

இங்கே மீற்றர் மட்டும் போதாது. ஒரேயொரு நார் மிஞ்சின வயரிலும் மீற்றர் 12 வோல்ற் காட்டும். பிரேக் லைற்றின் 21 வாட் பல்ப் ஒன்றுக்கு இரண்டு வயர் ஒட்டி, ஈசியூவுக்குக் கரண்ட் வருகிற வயருக்கும் நல்ல எர்த்துக்கும் இடையில் பிடியுங்கோ. வெள்ளையாக எரிந்தால் வயர் நல்லது, மஞ்சளாக மங்கினால் எங்கோ அரித்திருக்கிறது. எர்த்தைப் பார்க்க, திறப்பை ஓனில் வைத்து ஹெட்லைற்றையும் போட்டு, பற்றரி நெகற்றிவுக்கும் ஈசியூவின் எர்த் பின்னுக்கும் இடையில் வோல்ற் அளவுங்கோ. 0.1க்கு மேல் காட்டினால் எர்த் பழுது. கனெக்ரரின் முன்பக்கத்தில் மீற்றரின் கூரான முனையைக் குத்தாதேங்கோ. உள்ளே இருக்கும் பின் விரிந்தால், பிறகு விட்டு விட்டு வரும் கோளாறு ஒன்றை நீங்களே உண்டாக்கினதாகப் போகும். பின்பக்கத்தால் மெல்லிய ஊசி விட்டு அளக்கலாம்.

அரை மணி ஓடிச் சூடேறினதும் நின்று, ஆறினால் திரும்ப ஸ்ராட் ஆகிறது என்றால் முதல் சந்தேகம், இன்ஜின் சுற்றுவதை ஈசியூவுக்குச் சொல்லும் கிராங்க் சென்சர். ஸ்கானரில் ஆர்பிஎம் பார்த்தபடி ஸ்ராட் அடியுங்கோ. இன்ஜின் சுற்றியும் பூச்சியம் காட்டினால் சென்சரும் அதன் வயரும்தான். ஆர்பிஎம் வந்து, ரெயில் (இன்ஜெக்ரர்களுக்கு டீசல் போகும் பொதுக்குழாய்) அழுத்தம் 20 மெகாபாஸ்கல் கூட ஏறாவிட்டால் டீசல் பக்கம் போங்கோ: பில்ரர், காற்றுப் பிடித்தல், எஸ்சிவி (பம்புக்குள் போகும் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வு).

பூநகரி

எர்த் பற்றி அண்ணை சொன்னதோடு ஒன்று. மீன் ஏற்றும் வாகனங்களில் ஐஸ் உருகி வடியும் உப்புத் தண்ணீர் செசியில் விழுந்து, எர்த் கண்ணியை (வயர் நுனி வளையத்தை) உள்ளுக்குள்ளே தின்றுவிடும். வெளியே போல்ற் இறுக்கமாக, வயர் உறை புதிதாக இருக்கும். கண்ணிக்கு ஒரு அங்குலம் தள்ளி உறையைக் கீறினால் உள்ளே செம்பு இல்லை, பச்சைத் தூள்தான். கண்ணியை மட்டும் மாற்றினால் போதாது. செம்பு மினுங்கும் இடம் வரை வெட்டி, புதுத் துண்டு ஒட்டி, பெயின்ற் சுரண்டிய வெறும் இரும்பில் இறுக்கி, மேலே கிரீஸ் பூச வேண்டும். ஹைலக்ஸில் ஈசியூவின் ஈ1, ஈ01, ஈ02 எர்த்துகள் இன்ஜினோடுதான் போகின்றன. ஆகவே இன்ஜினிலிருந்து செசிக்கும் பற்றரிக்கும் போகும் தடித்த வயர்களையும் கழற்றித் துப்பரவாக்குங்கோ.

மாங்குளம், வாகன வயரிங்

எல்லாம் சரியாகி, ஈசியூதான் பழுது என்று தெரிந்தாலும் மாற்றுப் பெட்டியைக் கொழுவுகிற நேரம் இன்னும் வரவில்லை. பழையதைக் கொன்றது எது என்று கண்டுபிடிக்காமல் கொழுவினால் புதிதும் அதே வழியில் போகும்.

இங்கே கூடக் காண்பது இரண்டு காரணம். ஒன்று, பற்றரி இறங்கின இடத்தில் ரிப்பரையோ லொறியையோ மறித்துக் கரண்ட் எடுப்பது. அவற்றில் பல 24 வோல்ற். இரண்டு பற்றரியையும் சேர்த்துப் பிடித்தால் டபுள் கேப்பின் பெட்டி அந்த இடத்திலேயே போய்விடும். எடுப்பதானால் 12 வோல்ற் வாகனத்தில் எடுக்க வேண்டும், அல்லது லொறியின் ஒரு பற்றரியில் மட்டும் கொழுவ வேண்டும். மற்றது வெல்டிங். ரோல் பார், நெல் மூட்டைக்குப் பின் பலகை, வெடித்த செசி என்று அடிக்கடி வெல்டிங் கடைக்குப் போகும் வாகனங்கள் இவை. பற்றரியின் இரண்டு முனையையும், முடிந்தால் ஈசியூ கனெக்ரரையும் கழற்றிவிட்டு, வெல்டிங் எர்த்தை ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிடிக்கச் சொல்லுங்கள்.

அல்ரனேற்றரையும் பாருங்கள். ஓடும்போது 13.8 தொடக்கம் 14.5 வரை சரி. மீற்றரை ஏசியில் போட்டுப் பற்றரியில் வையுங்கள். லைற் போட்ட நிலையில் 0.5 வோல்ற்றுக்கு மேல் ஏசி காட்டினால் டயோட் போய்விட்டது.

அடுத்தது ஈசியூ ஓட்டுகிற கொயில்கள். ஹைலக்ஸில் உள்ள டொயோட்டா கேடி இன்ஜினின் எஸ்சிவி 20 பாகை செல்சியஸில் 1.9 முதல் 2.3 ஓம் வர வேண்டும். உள்ளே சோர்ட் ஆகி ஓம் குறைந்தால் பெட்டிக்குள் அதை ஓட்டும் ட்ரான்சிஸ்ரர் எரியும். ஈஜிஆர் வால்வு (புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்குத் திருப்புவது), குளோ ரிலே (ஸ்ராட்டுக்கு முன் சூடேற்றுவது) எல்லாவற்றின் கொயிலையும் அப்படியே அளந்து விடுங்கள். ஈசியூ சென்சர்களுக்குக் கொடுக்கும் 5 வோல்ற் லைனும் முக்கியம். ஒரு சென்சர் சோர்ட் ஆனாலும் அந்த லைனில் உள்ள எல்லாச் சென்சரும் செத்ததுபோலக் காட்டும், ஸ்கானரில் பி0642 என்ற கோளாறு கோட் வரும். சென்சர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ற் திரும்புகிறதோ அதுதான் குற்றவாளி. எல்லாம் கழற்றியும் திரும்பாவிட்டால் அந்த வயர் எங்கோ உரசி எர்த்தில் படுகிறதா என்று பார்த்து, அதுவும் இல்லை என்றால்தான் ஈசியூ.

ஹைலக்ஸ்காரருக்கு இன்னொன்று. இன்ஜெக்ரரை ஓட்டும் ஈடியூ என்ற பெட்டி தனியாக இன்ஜின் பக்கம் இருக்கிறது. பி0200 (இன்ஜெக்ரர் சுற்றுப் பழுது) வந்து இன்ஜெக்ரர் எதுவும் அடிக்காவிட்டால் முதலில் ஈடியூவின் கரண்டும் எர்த்தும். அதிலிருந்து இன்ஜெக்ரருக்கு 100 வோல்ற்றுக்கு மேல் போகும், இன்ஜின் ஓடும்போது கை வைக்க வேண்டாம்.

விசுவமடு

ஈசியூவைத் திறந்து பார்க்கலாமோ?

மாங்குளம், வாகன வயரிங்

பார்க்கலாம் தம்பி. போர்ட்டைத் தொட முதல் வெறும் இரும்பைத் தொட்டு உடம்பின் மின்னை இறக்குங்கள். பச்சை பூத்த கால், ஊதின கண்டென்சர், கருகின ட்ரான்சிஸ்ரர் இருந்தால் வெறும் கண்ணுக்கே தெரியும். தண்ணீர் போன பெட்டியானால் 99 வீத ஐசோபுரோபைல் அல்கஹோலும் மெல்லிய பிரசும் கொண்டு கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகுதான் கரண்ட். மண்ணெண்ணெயும் பெற்றோலும் வேண்டாம். பி0601, பி0605, பி0606 என்று வந்து, கரண்டும் எர்த்தும் சரியாக இருந்தால் பெட்டியின் உட்பழுது.

வவுனியா, பாகங்கள்

பாவித்த பெட்டி கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். ஆனால் "ஹைலக்ஸ் ஈசியூ" என்று கேட்டு வாங்கினால் காசு வீண். ஸ்ரிக்கரில் உள்ள இலக்கம் முழுக்கப் பொருந்த வேண்டும். டொயோட்டாவில் 89661 என்று தொடங்கும், நிசானில் 23710. முன்பகுதி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், வித்தியாசம் பின்னால் வரும் எழுத்திலும் இலக்கத்திலும். மனுவல் கியரா ஓட்டோவா, டேர்போ எந்த வகை, இம்மொபிலைசர் (சரியான திறப்பு இல்லாமல் ஓடவிடாத திருட்டுத் தடுப்பு) உண்டா இல்லையா என்பது எல்லாம் அந்தக் கடைசி இலக்கங்களில்தான் மாறுகிறது. சொக்கற் பொருந்துவதை நம்பாதீர்கள், பொருந்தாத பெட்டிக்கும் சொக்கற் பொருந்தும்.

இம்மொபிலைசர் இருந்தால் வெறும் பெட்டி வேலை செய்யாது, இரண்டு செக்கன் ஓடி நிற்கும் அல்லது ஸ்ராட்டே ஆகாது. வழி மூன்று. ஈசியூ, இம்மொபிலைசர் பெட்டி, திறப்பு மூன்றையும் ஒரே வாகனத்திலிருந்து செற்றாக எடுப்பது ஒன்று. பழைய போர்ட்டில் இருக்கும் 93சி56 அல்லது 93சி66 போன்ற எட்டுக் கால் ஐசியைப் படித்து மாற்றுப் பெட்டிக்கு எழுதுவது இன்னொன்று. இரண்டு தரம் படித்து, இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகே எழுதச் சொல்லுங்கள். மாற்றுப் பெட்டியில் முன்பு இருந்ததையும் சேமித்து வையுங்கள். மூன்றாவது, இம்மொபிலைசர் பெட்டி தனியாக உள்ள சில டொயோட்டாக்களுக்கு மட்டும். ஓபிடி சொக்கற்றில் (ஸ்கானர் கொழுவும் இடம்) 4ஆம் பின்னையும் 13ஆம் பின்னையும் வயரால் இணைத்து, திறப்பை ஓனில், ஸ்ராட் அடிக்காமல் 30 நிமிடம் விட்டால் இரண்டு பெட்டியும் ஒன்றையொன்று அடையாளம் பிடிக்கும். 16ஆம் பின் நேரடிப் பற்றரி, அதில் வயர் படக்கூடாது. முப்பது நிமிடத்தில் பற்றரி இறங்காமல் சார்ஜரும் போட்டு விடுங்கள்.

முல்லைத்தீவு, ஸ்கானர் வேலை

கழற்றுவது இலகு. ஸ்கானர் பேசினால் கோட்களையும் இன்ஜெக்ரர் கோட்களையும் முதலில் எழுதி வைத்து, பற்றரி நெகற்றிவைக் கழற்றி, எயார்பாக்குக்காக 90 செக்கனாவது பொறுத்து, டாஷ்போர்ட் பெட்டியை இறக்கினால் ஹைலக்ஸில் அதன் பின்னால் ஈசியூ நிற்கும். லீவரைத் தூக்கி கனெக்ரரை நேராக இழுங்கோ, வயரில் இழுக்காதேங்கோ.

கஷ்டம் பூட்டின பிறகு. கேடி இன்ஜெக்ரர்களின் தலையில் எழுத்தும் இலக்கமும் கலந்த 30 எழுத்துக் கோட் இருக்கும். அது ஒவ்வொரு இன்ஜெக்ரரின் சிறு வித்தியாசத்தைச் சரிக்கட்டுகிற அளவு, சிலிண்டர் ஒழுங்கில் புதுப் பெட்டிக்குள் ஏற்ற வேண்டும். 8ஐயும் பீயையும் மாறிப் போட்டால் ஏறாது, சிலிண்டர் மாறிப் போட்டால் ஏறும் ஆனால் ஐடிலில் உதறும், புகை தள்ளும். இப்படிப் புகைத்த வாகனத்துக்கு நல்ல இன்ஜெக்ரர் நாலையும் கழற்றி மாற்றின கதை இங்கே உண்டு. ஏற்றினதும் பம்ப் அளவை ஸ்கானரால் பெட்டிக்குத் திரும்பப் பழக்க வேண்டும். 4டி56இல் சிறு அளவு டீசல் பழக்கும் வேலை தனியாக இருக்கிறது, அதை இன்ஜின் சூடேறின பிறகு, ஏசியும் லைற்றும் நிறுத்தி, கியர் நியூட்ரலில் விட்டுச் செய்யுங்கோ.

கேன் லைன் (பெட்டிகள் ஒன்றோடொன்று பேசும் வயர் சோடி) உள்ள வாகனத்தில், ஈசியூவோடு தொடர்பு இல்லை என்கிற யு0100 கோட் போகாமல் நின்றால், பற்றரியைக் கழற்றிவிட்டு ஓபிடி 6க்கும் 14க்கும் இடையில் ஓம் அளவுங்கோ. 60 வர வேண்டும், 120 வந்தால் ஒரு முனை அறுந்திருக்கிறது.

ஒட்டுசுட்டான்

வெள்ளத்தில் நின்ற வாகனம் என்றால் காப்பெற்றைத் தூக்கிப் பாருங்கோ. 2018 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்தில் தண்ணீருக்குள் நின்றவை இன்னும் ஓடுகின்றன, வயர் பின்னலுக்குள் அரிப்பு மெல்ல மெல்லத்தான் வரும். முன் கண்ணாடி ரப்பரால் கசியும் மழையும் வயரைப் பிடித்தே கனெக்ரருக்குள் இறங்கும். வயரை ஈசியூவுக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டுத் திருப்பி மேலே ஏற்றினால் தண்ணீர் வளைவில் சொட்டிவிடும். அறுவடை முடிந்து நெல் வீட்டில் கிடக்கும் மாதங்களில் எலி வரும். கடித்த வயரை முறுக்கி ரேப் சுற்றாதேங்கோ, ஈயம் ஒட்டி, சுருங்கு குழாய் போடுங்கோ.

வவுனியா, பாகங்கள்

விட்டுப்போனது: மாற்றுப் பெட்டி நன்றாக ஓடினாலும் பழையதை எறியவோ பழைய இரும்பு விலைக்குக் கொடுக்கவோ வேண்டாம். அந்த வாகனத்தின் இம்மொபிலைசர் விபரம் அதன் ஐசியில்தான் இருக்கிறது. அடுத்த தடவை ஒரு பெட்டி எழுத வேண்டி வந்தால் அதிலிருந்துதான் படிக்க வேண்டும். ஸ்ரிக்கரைப் படம் எடுத்து, பெட்டியைச் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு காற்றுப் புகாத பையில் போட்டு வையுங்கள்.