துன்பத்தைப் பற்றி யூத மதம் என்ன சொல்கிறது?

பதுளையிலிருந்து:
அப்பா இறந்த கொஞ்ச நாளில் எங்கள் தோட்ட லயக் குடியிருப்புக்கு மேலே மலையில் வெடிப்பு விழுந்து, எல்லோரையும் இறங்கச் சொல்லிவிட்டார்கள். இப்போது அம்மாவோடு பண்டாரவளையில் சித்தி வீட்டில் இருக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் "கடவுள் சோதிக்கிறார், எல்லாம் நல்லதுக்குத்தான்" என்கிறார்கள். எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. கோயிலில் நின்றாலும் வேண்ட வாய் வருவதில்லை. யூதர்கள் எவ்வளவோ அனுபவித்தவர்கள். துன்பத்தைச் சகித்தால்தான் ஆன்மா வளரும் என்றுதான் அவர்களும் சொல்கிறார்களா?

ஹட்டன் ஆசிரியர்:
தங்கச்சி, அப்படிச் சொன்ன ரப்பிமாரும், அதாவது யூத மதகுருமாரும் உண்டு. ஆனால் யூதர்களின் பழைய சட்ட, விளக்க நூலான தல்மூதில், பெராகோத் பகுதியில் வரும் ஒரு சம்பவம்தான் எனக்குப் பெரிது. ரப்பி ஹிய்யா பார் அப்பா நோயில் கிடக்கிறார். பார்க்க வந்த ரப்பி யோகனான், "இந்த வேதனை உமக்குப் பிரியமா?" என்று கேட்கிறார். வேதனையும் வேண்டாம், அதன் பலனும் வேண்டாம் என்கிறார் நோயாளி. யோகனான் கண்டிக்கவில்லை. கையை நீட்டச் சொல்லி, பிடித்து எழுப்பிவிடுகிறார். இத்தனைக்கும் அவர் பத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். அப்புறம் அவரே நோயில் விழுந்தபோது ரப்பி ஹனினா வந்து எழுப்புகிறார். ஏன், தானாக எழுந்திருக்கக் கூடாதா? சிறையில் இருப்பவன் தன்னைத் தானே விடுவிக்க முடியாது என்கிறது தல்மூது. உங்கள் கொதிப்பு பாவமே இல்லை. நீட்டுகிற கை யாருடையதோ, பிடித்துக்கொள்ளுங்கள்.

கொஸ்லந்தையிலிருந்து:
2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தை மண்சரிவில் சொந்தங்களைக் கொடுத்தவன் நான். ஆறுதல் சொன்னவர்கள் யாரும் நினைவில் இல்லை, பேசாமல் பக்கத்தில் இருந்தவர்களை மறக்க முடியாது. யூதர்கள் அடக்கம் முடிந்து ஏழு நாள் ஷிவா என்று வீட்டில் துக்கம் காத்து இருப்பார்கள். துக்கவீட்டார் பேசும்வரை வந்தவர்கள் வாய் திறக்கக் கூடாது. முதல் சாப்பாடு வெளியிலிருந்துதான் வர வேண்டும், நம் லயத்தில் அடுத்த காம்பராவிலிருந்து வருமே, அப்படி. வேதாகமத்தில் எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவின் நண்பர்களும் ஏழு நாள் தரையில் பேசாமல்தான் இருந்தார்கள். பேசத் தொடங்கிய பிறகுதான் அவரை நோகடித்தார்கள்.

ஹப்புத்தளை அக்கா:
வாய் வரவில்லை என்றீர்களே, அதற்கு உக்ரைனில் வாழ்ந்த ரப்பி நக்மான் (1772–1810) வழி சொல்லியிருக்கிறார். தினமும் தனியாக, முடிந்தால் வயல்வெளிக்குப் போய், வீட்டில் பேசும் மொழியிலேயே கடவுளிடம் பேச வேண்டும். பேச்சு வராவிட்டால் வரவில்லை என்பதையே முறையிடலாம். ஒரு சொல்தான் வந்தால் அதையே திரும்பத் திரும்பச் சொல்லலாம்.

பதுளையிலிருந்து:
ரொம்ப நன்றி. ஆசிரியர் எழுதியதை அம்மாவுக்கு வாசித்தேன். "பலனும் வேண்டாம் என்று சொல்லலாமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நாளைக்குத் தேயிலைப் பக்கம் தனியாகப் போய்ப் பேசிப் பார்க்கிறேன் அக்கா.