3 மீட்டர் ஆழக் குழாய்ப் பள்ளம்: இரும்பு பேனல் இறக்கியும் ரோட்டில் விரிசல் வருகிறது, என்ன தவறு?

குழாய்சைட்:
வணக்கம் நண்பர்களே. 300 மி.மீ. கழிவுநீர்க் குழாய் பதிக்க 3 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டுகிறோம். மேலே ஒரு மீட்டர் கெட்டிக் களிமண். அதற்குக் கீழே மணல் கலந்த மண். 2.4 மீட்டரில் ஊற்று. பள்ளச் சுவர் சரியாமல் இருக்க, எதிரெதிரே இரண்டு இரும்பு பேனல்களைக் குறுக்கு முட்டுகளால் இணைத்த பெட்டி வைக்கிறோம். பெட்டி 3 மீட்டர் நீளம். அடிப் பேனல், மேல் பேனல் சேர்த்து 3.2 மீட்டர் உயரம்.

பொக்லைனில் முழு ஆழமும் தோண்டிவிட்டுப் பெட்டியை உள்ளே இறக்குகிறோம். இரண்டு பக்கமும் 15, 20 செ.மீ. இடைவெளி நிற்கிறது. ரோட்டுப் பக்கம், விளிம்பிலிருந்து சுமார் 60 செ.மீ. தள்ளி, பள்ளத்தோடு சேர்ந்தே ஓடும் மயிரிழை விரிசல் தெரிகிறது. மண் மூடிப் பெட்டியைத் தூக்கிய பிறகு அந்த இடம் இன்னும் இறங்குகிறது. "ஆள் பெட்டிக்குள்ளேதானே நிற்கிறான், வெளியே மண் விழுந்தால் என்ன?" என்கிறார் சூப்பர்வைசர். அவர் சொல்வது சரியா? பேனலை இறக்கவும் எடுக்கவும் சரியான முறை என்ன?

மண்முட்டு:
பெட்டிக்குள் நிற்கும் ஆளைப் பொறுத்தவரை அவர் சொல்வதில் பாதி உண்மை உண்டு. ஆனால் அப்போது அந்தப் பெட்டி வெறும் கேடயம். மண்ணை அது தாங்கவே இல்லை. முட்டுக் கொடுப்பது என்றால் பேனல் மண்ணோடு ஒட்டி நிற்க வேண்டும். இடைவெளி இருக்கும்வரை மண் நகர்ந்துகொண்டே இருக்கும். நீங்கள் பார்த்த விரிசல் அதன் தொடக்கம்: அந்தக் கோட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் உள்ள மண் ஏற்கெனவே பிரிந்துவிட்டது. ஒரு கன மீட்டர் மண் 1.6 முதல் 2 டன் வரை இருக்கும். அது 20 செ.மீ. ஓடி வந்து ஒரே அடியாக பேனலில் மோதுவதும், மெல்லச் சாய்ந்து அழுத்துவதும் ஒன்றல்ல.

முதலில், விரிசல் இருக்கும் பக்கத்தில் தோண்டிய மண்ணையும் வண்டிகளையும் அப்புறப்படுத்துங்கள். விளிம்பிலிருந்து 60 செ.மீ. என்பது தோண்டிய மண்ணுக்கான குறைந்தபட்ச அளவுதான். விரிசல் விழுந்த இடத்தில் அது போதவே போதாது. இப்போது நிற்கும் பெட்டியின் பின்னால் மேலிருந்து மணலோ பொடி ஜல்லியோ கொட்டி, இரண்டு பக்கமும் மாறி மாறி நிரப்புங்கள். ஒரே பக்கம் கொட்டினால் பெட்டி மறுபக்கம் தள்ளிப் போகும்.

அடுத்த நீளத்துக்கு முழு ஆழம் தோண்டாதீர்கள். உங்கள் மண்ணில் களி நிற்கும் அந்த ஒரு மீட்டர் வரை மட்டும், பெட்டியின் வெளி அகலத்துக்குச் சரியாகத் தோண்டி, பெட்டியை வையுங்கள். பிறகு பெட்டிக்கு உள்ளே இருந்து மண்ணை எடுங்கள். பேனலின் வெட்டு விளிம்புக்கு (மண்ணில் இறங்கும் அடி விளிம்பு) கீழே 50 செ.மீ.க்கு மேல் ஒரு தடவையில் போகக் கூடாது. உங்கள் மணலில் 30 போதும். எடுத்த உடனே பக்கெட்டால் ஒரு பேனலை 20, 30 செ.மீ. அழுத்துங்கள், அடுத்து எதிர்ப் பேனலை. அழுத்துவது பேனலின் மேல் விளிம்பில்தான். முட்டின் மேல் பக்கெட் படவே கூடாது. ஓங்கி அடிப்பதும் கூடாது, வெல்டிங் பிளக்கும். முட்டின் மூட்டு எவ்வளவு சாய்வைத் தாங்கும் என்று தயாரிப்பாளர் தாளில் இருக்கும், அதற்கு மேல் ஒரு பக்கம் முந்தக் கூடாது.

பெட்டியை மாட்டும்போதே அடியில் அகலம் மேலே இருப்பதைவிட ஓரிரு செ.மீ. கூடுதலாக வருமாறு முட்டைச் சரிசெய்யுங்கள். அடி உள்ளே வாங்கிய பேனல் இறங்கும்போதே பின்னால் இடைவெளி விட்டுக்கொண்டு போகும். கடைசியில் பேனல் தலை தரைக்கு மேல் 10, 15 செ.மீ. நிற்கட்டும், கல் உருண்டு உள்ளே விழாது.

இறக்கும்போதும் தூக்கும்போதும் உள்ளே ஒருவரும் இருக்கக் கூடாது. பெட்டியின் இரு முனையும் திறந்தவெளி என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்த முகத்துக்கு முனைத் தகடு வையுங்கள், அல்லது சரிவாக வெட்டிவிடுங்கள். ஏணி பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும்.

கணக்குநோட்டு:
முட்டு வைக்கும் உயரத்தை யாரும் கேட்கவில்லை, அதையும் பாருங்கள். குழாய் இறக்க வசதியாக இருக்கட்டும் என்று கீழ் முட்டை மேலே ஏற்றுவது வழக்கம். 3 மீட்டர் பள்ளத்தில் முட்டுகள் தரையிலிருந்து 0.6 மீட்டர், 1.8 மீட்டர் ஆழங்களில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஈரமான தளர் மண்ணுக்கு, ஆழம் மீட்டருக்கு 9.4 கிலோநியூட்டன் வீதம் பக்க அழுத்தம் எடுத்தால் அடியில் சதுர மீட்டருக்கு 28 கிலோநியூட்டன். ஒரு மீட்டர் நீளத்துக்கு மொத்தம் 42. இந்த விசை 2 மீட்டர் ஆழத்தில் செயல்படும்; அதாவது கீழ் முட்டுக்கும் கீழே. அதனால் கீழ் முட்டு மட்டும் மீட்டருக்கு 49 வாங்குகிறது. மேல் முட்டு அமுக்கத்தில் இல்லை, இழுவையில் இருக்கிறது!

3 மீட்டர் பெட்டியில் முனைக்கு ஒன்று என்றால் ஒவ்வொரு கீழ் முட்டிலும் சுமார் 74 கிலோநியூட்டன், ஏறக்குறைய ஏழரை டன். பொக்லைன் பக்கத்தில் நின்றால் இன்னும் ஏறும். மேல் முட்டைப் பேனலோடு இணைக்கும் பின்னுக்கு (pin) பூட்டு கிளிப் இல்லாமல் கம்பித் துண்டைச் செருகி வைத்திருந்தால், அது உருவிக்கொண்டு வந்து பேனல்களின் தலை விரியும், அடி உள்ளே வரும். தினமும் இறங்குவதற்கு முன், நான்கு முட்டுக்கும் முனைக்கு ஒன்றாக எட்டு பின்னையும் கிளிப்போடு எண்ணுங்கள். மழைக்குப் பிறகு மறுபடியும்.

ஊற்றுத்தண்ணீர்:
உங்கள் சைட்டில் எனக்குப் பயம் 2.4 மீட்டர் ஊற்றுதான். பெட்டிக்குள் சம்ப் (தண்ணீர் சேரும் குழி) வெட்டி மோட்டார் போட்டால், தண்ணீரோடு மணலும் பேனலுக்கு அடியில் புகுந்து வரும். மேலே எல்லாம் சரியாகத் தெரியும், பின்னால் குகை விழுந்திருக்கும். மோட்டார் கக்கும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து ஐந்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் மணல் படிந்தால் அது ரோட்டுக்கு அடியிலிருந்து வந்த மணல். பம்ப் போட்ட முதல் சில நிமிடங்கள் கலங்கல் வருவது இயல்பு. அரை மணி நேரம் கழித்தும் படிகிறது என்றால் மோட்டாரை நிறுத்துங்கள்.

தோண்டுவதற்கு முன்பே பள்ளத்துக்கு வெளியே வெல்பாயின்ட் (நிலத்தடி நீரை உறிஞ்சும் வடிகட்டி முனையுள்ள சிறு குழாய்கள்) வரிசை போட்டு, நீர்மட்டத்தை அடிமட்டத்துக்கு அரை மீட்டராவது கீழே இறக்குவதுதான் வழி. பெட்டியின் அடிக்குக் கீழே 60 செ.மீ. வரை தோண்டலாம் என்று அமெரிக்க விதியில் ஒரு சலுகை உண்டு. முழு ஆழத்துக்கும் தாங்கும் பெட்டியாக இருந்து, மண் கழன்று வராமல் இருந்தால் மட்டும். ஊற்று மணலில் அந்தச் சலுகையை எடுக்காதீர்கள்.

குழாய்சைட்:
மிக்க நன்றி. மூடிய பிறகு இறங்குவதற்குக் காரணம் என்ன? இன்னொன்று: அடுத்த 40 மீட்டரில் ஒரு மின் கேபிள் 90 செ.மீ. ஆழத்தில் குறுக்கே போகிறது. அங்கே பெட்டி எப்படி?

மண்முட்டு:
இறங்குவதற்குக் காரணம் வரிசை. மண்ணைப் பேனல் நிற்கும்போதே திமிசு போட்டுவிட்டுப் பிறகு தூக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். பேனல் 8, 10 செ.மீ. தடிமன், உருவியதும் அந்த இடம் வெற்றிடம். இறுகிய மண் பக்கவாட்டில் தளர்ந்து, குழாயின் தோளில் இருந்த பிடியும் போய்விடும். 30 செ.மீ. மண் போடுங்கள், பேனலை 30 செ.மீ. தூக்குங்கள், அதன் பிறகு ஆள் இறங்கித் திமிசு போடட்டும். மண் இயற்கைச் சுவரோடு நேராக அழுந்தும். தூக்குவது பேனல் தலையில் உள்ள கொக்கி வளையத்தில், இரு பக்கமும் மாறி மாறி. முட்டில் செயினைச் சுற்றி இழுக்காதீர்கள். குழாய் பதித்த பிறகு பெட்டியைக் கிடையாக முன்னால் இழுப்பதும் வேண்டாம், ஜாயின்ட் கழலும்.

கேபிள் குறுக்கே வரும் இடத்தில் பெட்டி வேலைக்காகாது. முதலில் கையால் தோண்டிக் கேபிளை வெளிக்காட்டி, தொட்டிலில் தொங்கவிடுங்கள். அங்கே 330 மி.மீ. அகல ட்ரெஞ்ச் ஷீட்டுகளை (குறுகிய இரும்புத் தகடுகள்) செங்குத்தாக இறக்கி, அவற்றைக் கிடையாகத் தாங்கும் வேலர் சட்டமும் முட்டும் கொடுங்கள். கேபிளுக்கு நேரே ஷீட் இல்லாத இடைவெளியை, தோண்டத் தோண்டக் குறுக்குப் பலகையால் மேலிருந்து கீழாக அடையுங்கள். பலகையின் முனைகள் இரு பக்க ஷீட்டுகளுக்கும் பின்னால் போக வேண்டும். வேலர் அளவு, முட்டு இடைவெளி இரண்டையும் வடிவமைப்புப் பொறியாளரிடம் எழுத்தில் வாங்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

குழாய்சைட்:
வாளி சோதனை செய்தோம். முக்கால் மணி நேரம் கழித்தும் ஒரு விரல் தடிமனுக்கு மணல். மோட்டாரை நிறுத்தி ஆட்களை ஏற்றிவிட்டோம். வெல்பாயின்ட்டுக்குச் சொல்லியாகிவிட்டது.

ஊற்றுத்தண்ணீர்:
நல்லது. அது வருவதற்குள் பேனல் பின்னால் நீளக் கம்பி விட்டு, எந்த ஆழத்தில் வெற்றிடம் என்று அரை மீட்டருக்கு ஒரு இடம் குத்திப் பாருங்கள். ரோட்டின் அந்த ஓரத்தைத் தடுப்பு வைத்து மூடிவிடுங்கள்.