பெல்ட் கொடுத்தாச்சு, சரி. கொக்கியை எதில் மாட்டுறது?

சவுக்குக்கம்பு:
கட்டட வேலைப் பாதுகாப்பு பற்றிய இன்னொரு இழையில் கோவை சைட் இன்ஜினியர் எழுதியதைப் படிச்சதிலிருந்து மனசு ஆறலை. "நம்ம ஆளுங்களுக்குப் பாதுகாப்புப் பழக்கமே கிடையாது, பெல்ட் கொடுத்தும் மாட்டாதவன் விழுந்தா அது அவன் தலையெழுத்து" என்கிறார். 22 வருஷமா சாரம் கட்டுறேன். பெல்ட்டுன்னா விழாம பிடிக்கிற பாதுகாப்பு பெல்ட், அதோட கயிற்று நுனியில் ஒரு கொக்கி. ஒன்றே ஒன்று கேட்கிறேன். கொக்கியை எதில் மாட்டுறது?

கோவை சைட் இன்ஜினியர்:
அண்ணே, அவ்வளவு எழுதினதில் ஒரு வரியை மட்டும் பிடிச்சுக்கிட்டீங்க. தினமும் வேலை தொடங்கும் முன் பாதுகாப்பு பற்றிப் பேசுற டூல்பாக்ஸ் மீட்டிங், வாராவாரம் ஆய்வு எல்லாம் சொல்லியிருந்தேன். மீட்டிங்கில் தலையாட்டிட்டு மேலே போனதும் ஹெல்மெட்டைக் கழட்டி அதில் ஆணி அள்ளிப் போடுறாங்க. கண்ணால பார்க்கிறேன். கொக்கிக்கு என்ன பஞ்சம்? சுத்தி முழுக்க பைப்தானே நிக்குது!

சவுக்குக்கம்பு:
"சுத்தி முழுக்க பைப்." இந்த வார்த்தைதான் ஆளைக் கொல்லுது. நிற்கும் பைப்பில் மேலும் கீழுமா கப் இருக்கிற கப்லாக் சாரத்தில் படுக்கைப் பைப்பைக் கீழ்க் கப்பில் வெச்சுட்டு, மேல் கப்பைச் சுத்தியலால் தட்டி இறுக்காம விட்டா அது சும்மா உட்கார்ந்திருக்கும். தூரத்திலிருந்து பார்த்தா தெரியாது. 2016-ல் ஒரு சைட்டில், பேர் வேண்டாம், என்கூட இருந்த பையன் அப்படி ஒரு பைப்பில் மாட்டித்தான் விழுந்தான். முதல்ல ஓடிப் போனவன் நான். உடம்பில் பெல்ட் இருக்கு. கொக்கி பூட்டினபடியே இருக்கு. அந்தப் பைப்பும் கொக்கியோடவே வந்து பக்கத்தில் கிடக்கு. ரிப்போர்ட்டில் "தொழிலாளியின் கவனக்குறைவு"ன்னு எழுதினாங்க. மாட்டினவன் கதை இது சார். மாட்டாதவன் கதையை நீங்க சொல்லுங்க.

ஜூரோங் தமிழன்:
இதுக்குத்தான் சிங்கப்பூர் வந்து பாருங்கன்னு சொல்றது. 2004 ஏப்ரல் 20, நிக்கோல் ஹைவே பக்கம் எம்ஆர்டி ரயிலுக்குத் தோண்டின குழி சரிஞ்சு 4 பேர் போனாங்க. 2006-ல் சட்டத்தையே புதுசா கொண்டு வந்தாங்க. கொக்கி மாட்டுறதுக்கான லைஃப்லைன் கயிறு கட்டாம ஆளை மேலே ஏத்தினா வேலையையே நிறுத்திடுவாங்க. நம்ம ஊரில் யாருக்கு அந்த எண்ணம் வரும்?

சித்தாள் மகள்:
அண்ணா, 2022-ல் அங்கே எல்லா வேலையிடமும் சேர்த்து 46 பேர் செத்திருக்காங்க. அதனால்தான் அந்த செப்டம்பரிலிருந்து 2023 மே வரைக்கும் உஷார் காலம்னு அறிவிச்சாங்க. உங்களை இன்னும் லாரிக்குப் பின்னாடி ஏத்தித்தானே சைட்டுக்குக் கொண்டு போறாங்க?

ஜூரோங் தமிழன்:
லாரிக்கும் பெல்ட்டுக்கும் என்ன சம்பந்தம்? எனக்குச் சோறு போடுற நாடு. தெரியாம பேசாதீங்க.

சித்தாள் மகள்:
எங்க அம்மா சும்மாடு வெச்சுக் கல் தூக்கித்தான் என்னைப் படிக்க வெச்சாங்க. அவங்களுக்கு ஒருநாளும் பெல்ட் கொடுத்ததில்லை. கல் தூக்கிட்டுப் படி ஏறுறது "உயர வேலை" கிடையாதாம். மாடிப்படிக்குக் கைப்பிடி இருக்காது, லிஃப்ட் குழிக்கு மறைப்பு இருக்காது. அதையும் பேசுங்க.

சவுக்குக்கம்பு:
தங்கச்சி சொல்றது நியாயம். ஆனா இன்ஜினியர் சார் இன்னும் பதில் சொல்லலை. கொக்கி எதில்?

கோவை சைட் இன்ஜினியர்:
சொல்றேன். சாரம் சரியா இறுக்கியிருந்தா நிற்கும் பைப்பில் மாட்டலாம். இறுக்க வேண்டியது யாரு? சாரம் கட்டுறவர். அதாவது உங்க ஆளுங்க.

சவுக்குக்கம்பு:
வந்துட்டீங்க பாருங்க! கடைசியில் பழி எங்க தலையில். ஸ்லாபை மூணு நாளில் போட்டாகணும்னு நெருக்கினது யாரு? சாரத்தைச் சோதிச்சு, ஏறலாம்னு பச்சை அட்டை மாட்டிக் கையெழுத்துப் போட வேண்டியது யாரு? அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்பைப் பார்க்கிற ஓஷா அமைப்பு விதிப்படி கொக்கி மாட்டுற இடம் ஒரு ஆளுக்கு 5,000 பவுண்டு தாங்கணும். கிட்டத்தட்ட 2,270 கிலோ. உங்க "சுத்தி இருக்கிற பைப்" தாங்குமா?

கோவை சைட் இன்ஜினியர்:
விதியைப் பாதி படிச்சுட்டு வராதீங்க. தகுதியுள்ளவர் கணக்குப் போட்டு, அவர் மேற்பார்வையில் அமைச்சா, வர்ற விசையைப் போல ரெண்டு மடங்கு தாங்கினா போதும்னும் அதே விதியில் இருக்கு. இதுக்குத்தான் படிப்பு வேணும்கிறது.

சவுக்குக்கம்பு:
படிப்பு! சரி, கணக்கே போடுங்க. கயிறு 1.8 மீட்டர். விழுற அதிர்ச்சியை வாங்கக் கயிற்றில் இருக்கிற ஷாக் அப்சார்பர் கிழிஞ்சு நீளும்போது இன்னும் ஒன்றரை மீட்டருக்கு மேல் போகலாம். அதுக்குக் கீழே ஆள் உடம்பு தொங்கணும், அதுக்கும் கீழே ஒரு மீட்டர் மிச்சம் வேணும். மொத்தம் 6 மீட்டர் பக்கம் வருது. முதல் மாடி எவ்வளவு? 3 மீட்டர். கால் பக்கத்தில் மாட்டினா பெல்ட் வேலை செய்யறதுக்குள்ள தரை வந்துடும். அங்கே கைப்பிடிக் கம்பியும் வலையும் வேணும், இல்லைன்னா தலைக்கு மேலே லைஃப்லைன் கட்டிக் குட்டைக் கயிறு கொடுக்கணும். உங்க சைட்டில் முதல் மாடியில் என்ன கொடுக்கிறீங்க?

கோவை சைட் இன்ஜினியர்:
என் சைட்டைப் பத்தி இங்கே பேச வேண்டிய அவசியமில்லை.

ஜூரோங் தமிழன்:
ஹா! மாட்டிக்கிட்டார்.

பழைய ஓவர்சியர்:
எல்லாரும் கொக்கியிலேயே தொங்குறீங்க. 2014 ஜூன் 28, சென்னை மவுலிவாக்கம். 11 மாடி சரிஞ்சு 61 பேர் செத்தாங்க. இடி விழுந்துதான்னு சொன்னவங்களும் உண்டு. அங்கே எந்தப் பெல்ட் காப்பாத்தியிருக்கும்? 1996 கட்டடத் தொழிலாளர் சட்டத்தில் 500 பேர் வேலை செய்யற இடத்துக்குத்தான் பாதுகாப்புக் குழு கட்டாயம்னு வெச்சாங்க. நாலு பேர் வீடு கட்டுற இடத்தை எட்டிப் பார்க்க நாதியில்லை.

கோவை சைட் இன்ஜினியர்:
ஐயா, மவுலிவாக்கம் கட்டடம் தாங்காத கதை. இங்கே பேசறது ஆள் பழக்கம். அதை இதில் கலக்காதீங்க. நீங்க போன மாசம், கல்லை உடைச்சுச் செய்யற எம்-சாண்ட் பத்தின இழையிலும் இப்படித்தான் ஆத்து மணலை இழுத்தீங்க.

பழைய ஓவர்சியர்:
எம்-சாண்டில் தூசி ஜாஸ்தின்னு சொன்னேன். இப்பவும் சொல்றேன். அன்னைக்கு மணலைச் சலிச்சுப் பார்த்த சல்லடை ரிப்போர்ட் காட்டறேன்னீங்களே, எங்கே?

கோவை சைட் இன்ஜினியர்:
அது கம்பெனி ஆவணம். பொதுவில் போட முடியாது.

சித்தாள் மகள்:
லிஃப்ட் குழி மறைப்பு பத்தி யாருமே பேசலை.

சவுக்குக்கம்பு:
பேசுவோம் தங்கச்சி. முதல்ல இவர் பதில் சொல்லட்டும். சார், நாளைக்குக் காலையில் உங்க மீட்டிங் முடிஞ்சதும் ஒரு பெல்ட்டை நீங்களே மாட்டிக்கிட்டு முதல் மாடி ஓரத்தில் வந்து நில்லுங்க. கொக்கியை எதில் மாட்டினீங்கன்னு ஒரு படம் எடுத்து இங்கே போடுங்க.

கோவை சைட் இன்ஜினியர்:
எனக்கு வேற வேலை இருக்கு அண்ணே. நீங்க முதல்ல மேல் கப்பை இறுக்கிற படத்தைப் போடுங்க.

சவுக்குக்கம்பு:
போடறேன். காலை 8 மணிக்கு, என் ஆளுங்க தட்டுற சத்தத்தோட வீடியோவாவே போடறேன். உங்க படம் எத்தனை மணிக்கு?